3 கோடி ரூபாய் தொகுதி நிதிக்கும் ஒரு குறுஞ்செய்தி வேண்டும்: 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ரேஷன் கடையில் சர்க்கரையும் துவரம்பருப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுப் படி ஏறுவதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது. என்ன பொருள், எத்தனை கிலோ, எவ்வளவு ரூபாய், எல்லாம் அதில் இருந்தது. 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் இது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். எங்கள் தெரு அம்மா ஒருவருக்கு ஒருமுறை வாங்காத பாமாயிலுக்குச் செய்தி வந்தது. போனைப் பிடித்தபடி நேராகக் கடைக்குப் போனார். "நான் வாங்கவே இல்லையே, எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். அன்றைக்கே பாக்கெட் கைக்கு வந்தது. அந்தச் செய்தி மட்டும் இல்லையென்றால், பாமாயில் போனதே அவருக்குத் தெரிந்திருக்காது.

அதே தெருமுனையில் ஒரு பயணியர் நிழற்குடை இருக்கிறது. நெற்றியில் 'சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி' என்று எழுதி, உறுப்பினரின் பெயரை அரை முழ உயரத்துக்குத் தீட்டியிருக்கிறார்கள். கீழே சின்ன எழுத்தில் 'மதிப்பீடு ரூ.' என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தொகையை எழுதவே இல்லை. இரண்டாவது மழைக்கே கூரை ஒழுகியது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். 30 நாள் ஆகியும் பதில் இல்லை. மேல்முறையீடு செய்தேன். கடைசியில் வந்த கடிதத்தில், கோப்பு வேறு அலுவலகத்தில் இருப்பதாக ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு நிழற்குடையின் செலவைத் தெரிந்துகொள்ள இவ்வளவு அலைச்சல்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி. 234 தொகுதிக்கும் சேர்த்தால் 702 கோடி. ஐந்தாண்டு முடியும்போது ஒரு தொகுதியில் மட்டும் 15 கோடி செலவாகியிருக்க வேண்டும். பணம் உங்கள் கைக்கு வருவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் பரிந்துரைக்கிறீர்கள், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருகிறார், ஊராட்சி ஒன்றியமோ நகராட்சியோ வேலையை நடத்துகிறது. அதனால்தான் கேட்கிறேன்: பரிந்துரைத்த தேதி, அனுமதி கிடைத்த தேதி, ஒப்பந்ததாரர் பெயர், கொடுத்த தொகை, வேலை முடிந்த தேதி, ஒரு புகைப்படம். இந்த ஆறையும் ஒவ்வொரு வேலைக்கும் இணையத்தில் போட்டுவிட்டால் வேலை யாரிடம் நிற்கிறது என்பது எங்களுக்கே தெரிந்துவிடும். நீங்கள் ஜனவரியில் பரிந்துரைத்த குடிநீர்த் தொட்டி அக்டோபர் வரை ஒரு மேசையில் தூங்கினால், அந்தக் கோபத்தை இன்றைக்கு நீங்கள்தான் சுமக்கிறீர்கள். நியாயமாகப் பார்த்தால் அது உங்களுக்கு வரவேண்டிய கோபமே இல்லை.

இது முடியாத காரியமும் இல்லை. ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில் 'ஜன் சூச்னா' என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். ரேஷன், நூறு நாள் வேலை, ஓய்வூதியம் என்று பல துறைகளின் விவரங்களை, மனு போடாமலேயே ஊர்வாரியாகப் பார்க்க முடிகிறது. கணக்குக் காட்டு என்று அந்த மாநிலத்துக் கிராம மக்கள் 1990களிலிருந்து நடத்திய போராட்டத்தின் தொடர்ச்சி அது.

தொழில்நுட்பம் உங்களுக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. எங்கள் வார்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பூமி பூஜை, சால்வை, காதணி விழா என்று தினமும் படங்கள் வருகின்றன. ஆனால் அதில் அட்மின் மட்டுமே செய்தி போட முடியும். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு வரி எழுத வழியில்லை. தேர்தல் நேரத்தில் இதே போனுக்கு உங்கள் குரல் பதிவு வந்தது, பெயர் சொல்லி ஓட்டுக் கேட்டது. குழுவின் அந்தப் பூட்டைத் திறந்து, நாங்களும் எழுத விடுங்கள். வருகிற புகாருக்கு ஒரு எண் கொடுங்கள், என்ன ஆயிற்று என்று அந்த எண்ணின் கீழேயே எழுதுங்கள்.

அப்புறம் சட்டமன்றம். 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலைக்கு வந்தபோது நான் நிஜமாகவே மகிழ்ந்தேன். இன்னும் கொஞ்சம் வேண்டும். மக்களவை உறுப்பினர் எத்தனை நாள் அவைக்கு வந்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்று போனிலேயே பார்த்துவிட முடிகிறது. உங்களைப் பற்றியும் அப்படிப் பார்க்க வேண்டும். 2002 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் உங்கள் வீட்டில் எத்தனை பவுன் நகை என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரிகிறது. ஆனால் எங்கள் ஏரியைப் பற்றி அவையில் ஒருமுறையாவது பேசினீர்களா என்று தேடிப் பார்க்க எளிய வழி இல்லை.

இரண்டு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். விவரங்களைத் தமிழில், தேடினால் கிடைக்கிற எழுத்தாகப் போடுங்கள். கோப்பைப் படம் பிடித்து ஏற்றினால் யாராலும் எதையும் தேட முடியாது. போன் இல்லாதவர்களுக்காக அதே பட்டியலை ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள், கிராம சபையில் வாசியுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒன்றிலாவது நீங்களே வந்து உட்கார்ந்து வாசித்தால் நன்றாக இருக்கும்.

சட்டத் திருத்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த நிதியாண்டில் நீங்கள் பரிந்துரைத்த வேலைகளின் பட்டியல் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கும். அதை இந்த வாரமே அந்த வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். படித்துவிட்டு நாங்கள் கேட்கும் கேள்விகளுக்கும் அங்கேயே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளர்