டெசிமஸை மறந்துவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜூலியஸ் சீசர் கொலையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல நடை, விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் நம்பிக்கைத் துரோகத்துக்கு மறுபெயரே புரூட்டஸ் என்று சொல்லி, "நீயுமா புரூட்டஸ்?" என்ற வசனத்தோடு முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். அந்த வசனத்தை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு பழைய ரோம ஆசிரியர்களைப் படிக்கப் படிக்க, பிள்ளைகளுக்குத் தவறான ஆளைக் காட்டிவிட்டேனே என்ற வருத்தம் என்னை விடவில்லை.

அந்த வசனம் ஷேக்ஸ்பியருடையது. சீசர் ஒரு வார்த்தையும் பேசாமல் முகத்தை மூடிக்கொண்டு விழுந்தார் என்றுதான் ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். "நீயுமா, மகனே?" என்று கிரேக்க மொழியில் கேட்டதாகச் சிலர் சொல்வதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். புரூட்டஸோ கி.மு. 48இல் பார்சாலஸ் போரில் சீசரின் எதிரித் தளபதியான பாம்பியின் பக்கம் நின்று சீசரை எதிர்த்தவர். தோற்றபின் சீசர் அவரை மன்னித்தார், பதவியும் கொடுத்தார். நன்றிக்கடன் இருந்தது உண்மை. ஆனால் அவர் மனம் எந்தப் பக்கம் என்பது ரோமில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் இன்னொரு புரூட்டஸ். டெசிமஸ் புரூட்டஸ். கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில், நடந்த போரில் சீசருக்காகக் கடற்படையை நடத்தியவர், உள்நாட்டுப் போரிலும் ஒரு நாள்கூடப் பக்கம் மாறாதவர். கி.மு. 44 மார்ச் 14 இரவு தன் கூட்டாளி லெபிடஸ் வீட்டு விருந்துக்கு சீசர் போனபோது டெசிமஸும் உடன் இருந்தார். எந்த மாதிரிச் சாவு நல்லது என்று அங்கே பேச்சு வந்தது. எதிர்பாராமல் வருவதுதான் என்றார் சீசர். மறுநாள் காலை மனைவி கல்பூர்னியா கெட்ட கனவு கண்டு, இன்று செனட்டுக்குப் போகவேண்டாம் என்று கெஞ்சுகிறாள். சீசரும் சரி என்று இருந்துவிட்டார். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தவர் டெசிமஸ். மனைவிக்கு நல்ல கனவு வரும்வரை செனட் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டு, கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போனார் என்கிறார் புளூட்டார்க். பிறகு சீசரின் உயிலைத் திறந்து படித்தபோது இரண்டாம் நிலை வாரிசுகளில் டெசிமஸின் பெயரும் இருந்தது. இருபத்து மூன்று குத்துகளில் அவர் கத்தி எது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கையைப் பிடித்தாரே, அது போதும்.

கட்டுரையில் வராத இன்னொரு விஷயம். சீசரின் உயிரைக் காப்போம் என்று செனட் உறுப்பினர்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள். அதை நம்பித்தான் தன்னைச் சுற்றி வாளோடு நின்ற ஸ்பானிய மெய்க்காவலர்களை அவர் அனுப்பிவிட்டார் என்று சிலர் கருதியதாக சூட்டோனியஸ் எழுதுகிறார். இறுதிச் சடங்கில் சீசரின் நண்பர் ஆண்டனி நீண்ட உரை எதுவும் ஆற்றவில்லையாம். அந்தச் சத்தியத்தையும் செனட்டின் தீர்மானத்தையும் ஓர் அறிவிப்பாளனை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லி, தானும் சில வார்த்தை மட்டும் சேர்த்தாராம். மேடை நாடகத்தில் வரும் பிரசங்கத்தைவிட இதுதான் எனக்கு உடம்பு சிலிர்க்கும் காட்சி.

ஆனால் சதிகாரர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் கதை பாதியில் நின்றுவிடும். ஒரு மனிதனின் உயிருக்காக ஒரு சபையே சத்தியம் செய்யும் நிலை எப்படி வந்தது? முன்பெல்லாம் ஓரளவு சொத்து உள்ளவன்தான் ரோமப் படையில் சேரமுடியும். போர் முடிந்தால் தன் வயலுக்குத் திரும்புவான். கி.மு. 107இல் தளபதி மாரியஸ் ஒன்றுமே இல்லாத ஏழைகளையும் சேர்த்துக்கொண்டார். அவன் எங்கே திரும்புவான்? படையை விட்டு வரும்போது ஒரு துண்டு நிலம் வேண்டும். அதற்கு செனட் நிலையான ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. நிலப் பங்கீட்டுச் சட்டம் கொண்டுவந்த டைபீரியஸ் கிராக்கஸை கி.மு. 133லேயே அடித்துக் கொன்றவர்கள் செனட்டைச் சேர்ந்தவர்கள்தானே! தளபதி வாதாடி வாங்கித் தந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்படியென்றால் செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

பதில் கி.மு. 88லேயே வந்துவிட்டது. சுல்லா என்ற தளபதியிடமிருந்து கிழக்குப் போரின் தலைமையைப் பறித்து மாரியஸுக்குக் கொடுத்தார்கள். படையை ஏற்றுக்கொள்ள வந்த அதிகாரிகளைச் சுல்லாவின் வீரர்கள் கல்லால் அடித்தே கொன்றார்கள். அப்புறம் சுல்லா அவர்களைக் கூட்டிக்கொண்டு ரோமை நோக்கியே நடந்தார். அப்போது ஒரே ஒரு நிதி அதிகாரியைத் தவிர மற்ற உயரதிகாரிகள் எல்லோரும் அவரை விட்டு ஓடிவிட்டார்கள் என்கிறார் அப்பியன். கடைநிலை வீரன் ஒருவனும் ஓடவில்லை. சொந்த ஊரின் மேல் படையெடுப்பது பாவம் என்று நினைக்கும் வசதி நிலம் உள்ளவனுக்கு இருந்தது. சீசர் ரூபிகான் என்ற எல்லை ஆற்றைப் படையோடு கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கிய கி.மு. 49இல் அவருடைய வீரர்கள் சம்பளமே இல்லாமல் சண்டை போடுகிறோம் என்றார்கள். அதே நேரத்தில், கால் நாட்டில் எட்டு வருடம் அவருக்கு வலதுகையாக இருந்த லேபியனஸ் மட்டும் பாம்பியிடம் போய்விட்டார். சீசர் அவருடைய பணத்தையும் மூட்டை முடிச்சுகளையும் பின்னாலேயே அனுப்பிவைத்தார். லேபியனஸ் துரோகியா, குடியரசுக்கு விசுவாசியா? இத்தனை வருடம் யோசித்தும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

இந்தக் கணக்கை முழுசாகப் புரிந்துகொண்டவர் சீசரின் வாரிசான ஆக்டேவியன். கி.மு. 32இல் இத்தாலி முழுவதும் தானாகவே முன்வந்து தன் பெயரில் சத்தியம் செய்தது என்று அவரே தம் சாதனைப் பட்டியலில் எழுதுகிறார். தமக்குப் படைச் சத்தியம் செய்த குடிமக்கள் சுமார் 5 லட்சம் என்றும், அவர்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நிலமோ பணமோ கொடுத்ததாகவும் அதிலேயே இருக்கிறது. கி.மு. 27இல் குடியரசை செனட்டிடமும் மக்களிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார், அகஸ்டஸ் என்ற பட்டம் வாங்கிக்கொண்டார். கி.பி. 6இல் ஓய்வுபெறும் வீரர்களுக்கென்று தனிக் கருவூலம் திறந்து, 17 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) தம் பணத்தைப் போட்டு, வாரிசுச் சொத்தின் மேல் 5 சதவீத வரியும் விதித்தார். செனட் நூறு வருடம் செய்ய மறுத்த வேலை இது. அதை அவர்கள் செய்திருந்தால் அந்த ஏழை வீரனின் விசுவாசம் ஊரிடமே இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் துரோகம் அங்கே நடந்தது. டெசிமஸின் துரோகம் அதற்குப் பின்னால் வந்தது.

சத்தியம் இப்படிக் கைமாறிக்கொண்டிருந்த நாட்களில் வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பதையும் கட்டுரை தொடவில்லை. கி.மு. 43 கடைசியில் ஆண்டனி, லெபிடஸ், ஆக்டேவியன் மூவரும் கூடிக் கொலைப்பட்டியல் போட்டார்கள். ஆண்டனி தன் தாய்மாமனை விட்டுக்கொடுத்தார், லெபிடஸ் உடன்பிறந்தவனை. தன்னைத் தூக்கிவிட்ட பெரும் பேச்சாளர் சிசரோவை விட்டுக்கொடுத்தார் ஆக்டேவியன். டிசம்பர் 7ஆம் தேதி பல்லக்கில் போன சிசரோவைக் கொலையாளிகள் பிடித்தபோது அடிமைகள் எதிர்த்து நிற்கத் தயாராக இருந்தார்கள். பல்லக்கை இறக்குங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். கொல்ல வந்தவர்களில் ஒருவனான பொபிலியஸ், முன்பு ஒரு வழக்கில் சிசரோ வாதாடிக் காப்பாற்றியவன் என்கிறார்கள்.

அந்த மாதங்களைப் பற்றி வெலேயஸ் பட்டர்குலஸ் ஒரு கணக்குச் சொல்கிறார். பட்டியலில் பெயர் வந்தவர்களிடம் அதிக விசுவாசமாக இருந்தவர்கள் மனைவிமார். விடுதலை பெற்ற அடிமைகளிடம் நடுத்தரமான விசுவாசம், அடிமைகளிடம் கொஞ்சம். பெற்ற பிள்ளைகளிடம் சுத்தமாக இல்லை. பிள்ளைகளுக்குச் சொத்து வரும் அவசரம்! வகுப்பில் இதைச் சொல்லாமல் போனேனே என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு மனைவியைப் பற்றிய கல்வெட்டு ரோமில் துண்டு துண்டாகக் கிடைத்திருக்கிறது. அவள் பெயர் இருந்த பகுதி உடைந்துபோய்விட்டது. இறந்த மனைவியை முன்னிலைப்படுத்தி, "நீ" என்று கூப்பிட்டே கணவன் பேசுகிறான். அவன் தப்பியோடியபோது தன் உடம்பிலிருந்த பொன்னையும் முத்தையும் கழற்றிக் கொடுத்து அனுப்பினாள். அவனை மன்னித்து ஆக்டேவியன் ஆணை கொடுத்தபிறகும் லெபிடஸ் அதை மதிக்கவில்லை. அவள் போய் லெபிடஸின் காலில் விழுந்தாள். தூக்கிவிடவில்லை, அடிமையைப் போல இழுத்துப்போட்டார்கள். உடம்பெல்லாம் கன்றிப்போனது. அப்படியும் வாய் மூடாமல் ஆக்டேவியனின் ஆணையை எல்லோருக்கும் கேட்கும்படி எடுத்துச் சொன்னாள். நாற்பத்தொரு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. என்னை விலக்கிவிட்டு வேறு பெண்ணைக் கட்டுங்கள், நானே பார்த்துத் தருகிறேன் என்று அவள் சொன்னபோது புத்தி கலங்கிப்போகும் அளவுக்குத் தனக்குக் கோபம் வந்தது என்று அவன் எழுதியிருக்கிறான்.

சீசருக்கும் புரூட்டஸுக்கும் நான்கு பக்கம் ஒதுக்கிய உங்கள் இதழ், இந்தக் கல்வெட்டை ஒரு நல்ல தமிழ் மொழிபெயர்ப்பில் முழுமையாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உடைந்துபோன இடங்களை ஊகித்து நிரப்ப வேண்டாம், இடைவெளியாகவே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திண்டுக்கல்