பெயரை மட்டும் வைத்து யூதரைக் கணக்கிடாதீர்கள்

பண்டைய யூதர்களின் பெயர்ப்பட்டியல்களைத் தொகுக்கும் வரலாற்றாய்வாளர்களுக்கு,

வணக்கம். பாப்பிரசிலும் களிமண் பலகையிலும் கல்லிலும் சிதறிக் கிடக்கும் பெயர்களைத் திரட்டித் தரும் உங்கள் உழைப்பின்மீது பெருமதிப்பு உடையவன் என்ற முறையில் ஒன்றை வேண்டுகிறேன். யூதர்களின் கடவுளைக் குறிக்கும் யாஹு என்னும் இறைப்பெயர் கலந்திருந்தால் யூதர், இல்லையேல் அயலார் என்று பிரிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

எகிப்தின் தென்னெல்லையில், நைல் நதித் தீவான எலிபன்டைனில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசுக்காகக் காவல் புரிந்த யூதப் படைக்குடியிருப்பின் அரமேய ஆவணங்களைப் பாருங்கள். மஹ்சேயா என்பவர் ஓர் ஆவணத்தில் எலிபன்டைன் யூதர். மற்றொன்றில், எதிர்க்கரையிலுள்ள சியேனேயின் அரமேயர். அவருடைய மகள் மிப்தாஹியா, தன் பெயரிலேயே யாஹுவைத் தாங்கியவர், ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள எகிப்தியப் பெண்தெய்வமான சாத்தியின் பேரில் ஆணையிட்டார். அவர் மணந்த எஸ்ஹோர் எகிப்தியப் பெயர் கொண்ட கட்டடக் கலைஞர். பிந்திய ஆவணங்கள் அவரை நாத்தான் என்ற எபிரேயப் பெயரால் குறிக்கின்றன. பிள்ளைகள் இருவருக்கும் தாய்வழி முன்னோரின் பெயர்களே இடப்பட்டன. இந்த ஒரு குடும்பத்தை உங்கள் அளவுகோலால் எப்படிப் பிரிப்பீர்கள்?

பாபிலோனியாவிலும் இதே நிலைதான். நாடுகடத்தப்பட்ட யூதர்கள் வாழ்ந்த அல்-யாஹூது ஊரின் களிமண் பலகைகளில் ஒரே மனிதர், பாபிலோனியத் தெய்வமான பேலின் பெயரால் பேல்-ஷார்-உசூர் என்றும், யாஹுவின் பெயரால் யாஹு-ஷார்-உசூர் என்றும் வருகிறார்.

யூதேயாவில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க செலூக்கிய அரசை எதிர்த்து யூதர்கள் நடத்திய மக்கபேயர் எழுச்சிக்குப் பின் சீமோன், யூதா, எலெயாசர், யோவான் ஆகிய பெயர்கள் மிகப் பரவலாயின என்பதும், அங்கே பெயர் இன உணர்வின் அடையாளமாக விளங்கியிருக்கக்கூடும் என்பதும் எனக்கு உடன்பாடே. அந்த அளவுகோலை எகிப்துக்கோ கிரேக்கத்துக்கோ கொண்டுசெல்வதைத்தான் ஏற்க இயலவில்லை.

கிரேக்க நாட்டு ஓரோப்போசில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒருவர் கனவில் கண்ட தெய்வங்களின் கட்டளைப்படி ஆம்பியராவோஸ் கோயிலில் கல்வெட்டு நாட்டினார். மோஸ்கியோனின் மகன் மோஸ்கோஸ் என்னும் அவருடைய பெயரும் தந்தை பெயரும் கிரேக்கம், கோயிலும் கிரேக்கருடையது. ‘யூதன்’ என்று அவரே பொறித்துவைத்திராவிட்டால் எந்தப் பட்டியலிலும் யூதராக இடம்பெற்றிருக்க மாட்டார். அவ்வாறு பொறிக்காமல் மறைந்தவர்கள் எத்தனை பேரோ!

ஆகவே, பெயர் எம்மொழிக்குரியது என்பதை ஓரிடத்திலும், ஆவணம் அவரை யார் என்று சொல்கிறது என்பதை வேறோர் இடத்திலும் பதியுங்கள். ஆவணம் எதுவும் சொல்லாதபோது அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பண்டைய வரலாற்று வாசகன்