அந்தக் கேசட்டுகளைப் போட்டுவிடாதே

லண்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. தனியாக எத்தனை நாள் பொங்கித் தின்பாய்? ஆனால் பரணில் கிடக்கும் கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடப்போகிறேன் என்றாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

போன வாரம் கண்ணைக் காட்ட ஹாக்னி பக்கம் போனேன். பஸ் ஹாக்னி எம்பயர் வாசலில் நின்றது. 1901இல் கட்டிய கொட்டகை. 1958 செப்டம்பரிலிருந்து அடுத்த மே வரை சனிக்கிழமைதோறும் ‘ஓ பாய்!’ என்ற பாட்டு நிகழ்ச்சி இங்கிருந்துதான் ஐடிவி என்ற தனியார் டிவியில் நேரடியாகப் போனது.

அதன் கதை உனக்குப் பிடிக்கும். அந்தக் காலத்தில் இந்த ஊரில் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை டிவியே கிடையாது. பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டும் என்று அரசாங்கமே அந்த ஒரு மணி நேரத்தை மூடிவைத்திருந்தது. 1957 பிப்ரவரி 16, சனிக்கிழமை அந்தக் கட்டுப்பாடு போயிற்று. அன்றைக்கே 6.05க்கு பிபிசி ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. மணியையே பெயராக வைத்து ‘சிக்ஸ் ஃபைவ் ஸ்பெஷல்’. தூங்கவேண்டிய நேரம் ஆட்டம் போடும் நேரமாகிவிட்டது, பார்.

அதை நடத்தியவர்களில் ஒருவர் ஜாக் குட். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், அப்போது இருபத்தைந்து வயதுதான். மேலதிகாரிகளுக்குக் காட்ட செட் போட்டுவைத்து, ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தில் அதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, பார்க்க வந்த இளவட்டங்களை கேமரா முன்னால் ஆடவிட்டாராம். பாடுகிறவரோடு கேட்கிறவர் முகமும் தெரியவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது பாரேன், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். பிபிசிக்கோ நடுநடுவே பயனுள்ள சமாச்சாரமும் வேண்டும். குத்துச்சண்டை வீரர் ஃப்ரெடி மில்ஸ் வந்து விளையாட்டுப் பகுதி நடத்துவார். குட்டுக்கு அது ஒத்துவரவில்லை. 1958இல் வெளியே வந்து, பேச்சைக் குறைத்து பாட்டுமேல் பாட்டாக ‘ஓ பாய்!’ போட்டார். அதே சனிக்கிழமை, ஏறக்குறைய அதே நேரம். அந்த டிசம்பரிலேயே ‘சிக்ஸ் ஃபைவ்’ நின்றுவிட்டது. இவருடையதும் அடுத்த மே 30க்கு மேல் ஓடவில்லை.

பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் டிவியில் முதலில் முகம் காட்டியது ‘ஓ பாய்!’ மேடையில்தான். லக்னோவில் பிறந்த பிள்ளை. கிருதாவை எடு, கிடாரைக் கீழே வை என்று குட் சொன்னாராம். ‘மூவ் இட்’ பாட்டு முதலில் இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் இருந்தது. இதைத்தான் பாடவேண்டும் என்று குட் பிடிவாதமாக நின்றதால் முன்பக்கம் வந்தது.

இவ்வளவும் சொல்கிறேனே, அந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் இன்று பார்க்கக் கிடைப்பது கொஞ்சமே கொஞ்சம். நேரடியாகப் போனது காற்றோடு போயிற்று. எடுத்துவைக்கவேண்டும் என்று அப்போது பெரிதாக யாருக்கும் தோன்றவில்லை. கிடைத்ததை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஆடுகிற அந்தப் பெண்பிள்ளைகளுக்கு இப்போது எண்பது வயது தாண்டியிருக்கும்.

நம் மெல்லிசைக் குழு மூன்றே வருஷம்தான் ஓடியது. விடுதி நாள் கச்சேரியை நீ ஸ்டூல் மேல் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தாய். நம் தபேலாக்காரன் அன்று ஒரு பாட்டுப் பாடினான், நினைவிருக்கிறதா? அவன் போய் ஒன்பது வருஷமாகிறது. அவன் பிள்ளைகள் அவன் பாடிக் கேட்டதே இல்லை. உன் பரணைத் தவிர அந்தக் குரல் வேறெங்கும் இல்லை மாப்ளே.

டிசம்பரில் என் மாப்பிள்ளை ஊருக்கு வருகிறார். ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்துவிடு. பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, நீ ஓட்டிப் பார்க்காதே, நாடா அறுந்துவிடும். இங்கே அதைச் சரிசெய்து மாற்றித் தருகிற ஒருவரிடம் பேசிவிட்டேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? எழுது.

உன் பழைய அறைத்தோழன்