மாஸ்டர் மேஜையில் ஒரு பாட்டில்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பதில் போடவில்லை என்று நம் ஹாஸ்டல் சிநேகிதன் ஒட்டடையிடம் புலம்பினாயாமே, சுடச்சுட வந்து சொல்லிவிட்டான். திட்டையெல்லாம் நேரில் வாங்கிக்கொள்கிறேன், இப்போது விஷயத்தைக் கேள்.

போன ஞாயிறு நம் டிராயிங் மாஸ்டரைப் பார்க்கப் போயிருந்தேன். மேஜையில் என்ன இருந்தது தெரியுமா? மாஸ்கிங் ஃப்ளூயிட்! வாட்டர்கலரில் வெள்ளையாக விடவேண்டிய இடத்தை மூடிவைத்துவிட்டு அப்புறம் உரிப்போமே, அந்த ரப்பர் பால்தான். நம் கையில் அதைப் பார்த்தாலே, "ரப்பர் ஒட்டணும்னா சைக்கிள் கடைக்குப் போடா" என்று விரட்டிய அதே மனுஷன். நான் பாட்டிலையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன முறைக்கிற? மோந்து பாரு, உன் சிநேகிதன் ஊரு வாசனை" என்றார். மூடியைத் திறந்தால் குப்பென்று அமோனியா. குலசேகரத்தில் உங்கள் வீட்டுப் பின்கட்டேதான். பால்வெட்டு முடிந்து வந்ததும் ரப்பர் பால் உறையாமல் இருக்க வாளியில் அமோனியா ஊற்றுவீர்களே, அதே சங்கதிதான் இதிலும். நீங்கள் கிலோக் கணக்கில் விற்கிற சரக்கு, சின்னச் சீசாவுக்குள் போனதும் என்ன விலை! நீ ஏன் தொழிலை மாற்றக்கூடாது? ஆனால் ஹாஸ்டலில் செய்தமாதிரி வாளியிலிருந்து நேராக மட்டும் வேண்டாம். ஒட்டடை அந்தத் தூரிகைக்கு இன்னும் திவசம் கொடுக்கிறான்.

கிண்டல் இருக்கட்டும். மாஸ்டருக்குக் கை நடுங்குகிறது மாப்ளே. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். கும்பகோணத்துப் பகவத் படித்துறையில் காலை வெயில் பட்டுத் தண்ணீர் மினுங்குமே, அந்தப் பொட்டுப் பொட்டு வெள்ளையையெல்லாம் விட்டுவிட்டு நீர்த்த வண்ணத்தை ஒரே மூச்சில் வாஷாக இழுப்பாரே, அது இனி நடக்காது. வாஷ் காத்திருக்காது. நடுவில் நிறுத்தினால் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். ரப்பர் காத்திருக்கும். மணிக்கட்டை மேஜையில் ஊன்றிக்கொண்டு, ஒரு பொட்டு, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு பொட்டு என்று வைக்கிறார். இடம் தப்பினால் காயவிட்டு உரித்துவிட்டு மறுபடி வைக்கிறார். முழுசும் காய்ந்தபிறகு அதன் மேலேயே தைரியமாக வாஷ். கை நடுங்கினாலும் வெள்ளை பத்திரம்.

அதற்குப்பிறகு செய்ததுதான் எனக்குப் பாடம். வாஷ் நன்றாகக் காய்ந்ததும் கட்டைவிரலால் தேய்த்து உருட்டினார். ரப்பர் நூல் நூலாகச் சுருண்டு வந்தது. எல்லா வெள்ளையும் ஒரே கூர்மையில், பேப்பரைக் கத்தரித்து ஒட்டினமாதிரி கண்ணைக் குத்தியது. நம்மில் பலர் அதோடு கையெழுத்துப் போட்டுவிடுகிறோம், எனக்கு அதுதான் எரிச்சல். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் மழைக்கம்பி, நுரை, பூ எல்லாம் ஒரே வெள்ளையில் கத்துகின்றன. மாஸ்டர் ஈரமான முரட்டுத் தூரிகையால் ஓரங்களைக் கரைத்தார். பெரும்பாலான பொட்டுகள்மேல் லேசாக மஞ்சளும் நீலமும் ஏற்றினார். சுத்த வெள்ளையாக விட்டது நாலைந்துதான், எல்லாம் படகுக்குப் பக்கத்தில். "அந்தக் காலத்தில் அவ்வளவு திட்டினீங்களே சார்" என்றேன். "வெள்ளையை எங்க வெக்கணும்னு தெரியாத பயலுகளைத் திட்டினேன். பெரிய பெரிய ஓவியனுங்க, டர்னர் நகத்தாலயே சுரண்டி வெளிச்சம் எடுத்தான், சார்ஜென்ட் மெழுகு தேச்சான். அவங்களை நான் என்னிக்காவது திட்டினேனா?" என்றார். திட்டியிருக்கிறார். நீயே சாட்சி. நான் வாயைத் திறக்கவில்லை.

பாப்பாவுக்குத் தாள் கிழிந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே. அவள்மேல் பிழையில்லை. பள்ளிக்கூட டிராயிங் தாள் ரப்பரோடு நாராகத்தான் வரும். ஆர்ஷ் மாதிரி ஜெலட்டின் ஏற்றிய பருத்தித் தாள் தாங்கும், விலையைக் கேட்டு மயங்காதே. வரைவதற்குமுன் தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து உரித்துப் பார்க்கச் சொல். ஈரத் தாளில் வைக்கவே கூடாது, இழைக்குள் இறங்கிவிடும். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையர் பிடிப்பது, வெயிலில் வைப்பது எல்லாம் வேண்டாம், சூட்டில் தாளோடு தாளாகிவிடும். வாரக்கணக்கில் உரிக்காமல் விட்டாலும் அப்படித்தான். பாட்டிலைக் குலுக்கவேண்டாம். தூரிகை பழசாக இருக்கட்டும், முதலில் நனைத்துக் குளியல் சோப்பில் நன்றாகப் புரட்டி எடுத்தால் ரப்பர் மயிருக்குள் ஏறாது. ஏற்கெனவே வண்ணம் பூசிய இடத்தில் வைத்தால் உரிக்கும்போது அந்த வண்ணமும் கொஞ்சம் வெளுக்கும். அதைத் தெரிந்துகொண்டு செய்யட்டும்.

மெல்லிய கோட்டுக்கு ரூலிங் பேனாதான் சரி. உங்கப்பா டிராயிங் பெட்டியில் ஒன்று இருந்ததே, திருகைச் சுழற்றினால் வாய் அகலுமே, அது துருப்பிடிக்காமல் இருக்கிறதா? மாஸ்டர் கேட்கிறார். தபாலில் அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்காதே. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு பொங்கல் லீவில் நேரில் கொண்டுவா. போனில் ஏதாவது சாக்கு சொன்னாயானால் அவரிடமே கொடுத்துவிடுவேன், நீயே பேசிக்கொள்.

உன்,
மச்சான்