வீடு அல்ல, காணி

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வரத் தொடங்கினால் உள்ளூராட்சிக் கவுன்சில் வீட்டையே எடுத்துக்கொள்ளும், அதற்கு முன்பே வீட்டை உன் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாய். உன் அக்கறை விளங்குகிறது. ஆனால் இங்கிலாந்தில் இந்தக் கணக்கைப் பார்க்கும் முறை வேறு.

வைத்தியம் இலவசம் என்றாலும், குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் வரும் ஆளுக்கான செலவில் கவுன்சில் வசதியைப் பார்த்தே பங்கு கேட்கும். அம்மாவின் வசதியை மட்டுமே பார்ப்பார்கள், என்னுடையதையோ உன்னுடையதையோ அல்ல. எங்கள் கூட்டுக் கணக்கிலுள்ள 38,000 பவுணில் பாதியான 19,000 அம்மாவுடையதாகக் கொள்ளப்படும். சேமிப்பு 23,250 பவுணைத் தாண்டினால் முழுச் செலவும் அம்மாவுடையது, 14,250க்கு மேற்படாவிட்டால் அதைத் தொட மாட்டார்கள். 2010 முதல் இந்த எல்லைகள் மாறவில்லை. இடையில் இருப்பவருக்கு, 14,250க்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுணுக்கும் கிழமைக்கு ஒரு பவுண் வருமானம் வருவதாக வைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு அது 19 பவுண். ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி தரும் வங்கி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதே.

அத்துடன் ஓய்வூதியத்தையும், பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸையும் கூட்டி, கைச்செலவுக்கென அரசு விதித்த குறைந்தபட்சத் தொகையையும் நோயினால் கூடிய செலவுகளையும் கழித்து, மிஞ்சுவதையே கேட்பார்கள். அதனால்தான் ஹீட்டர் பில்லையும், படுக்கை விரிப்புத் துவைத்த பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வைக்கிறேன்.

வீட்டிலிருந்தபடி பராமரிப்புப் பெறும்வரை வீடு கணக்கில் வராது. அம்மா பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்தாலும், நான் இங்கு வசிக்கும்வரை வராது. தாலிக்கொடியும் சேராது. மாறாக, கட்டணத்தைத் தவிர்க்கவே வீட்டை உனக்குக் கொடுத்தோம் என்று அவர்கள் முடிவுசெய்தால், அம்மாவின் பங்கு இன்னும் அம்மாவிடம் இருப்பதாகவே கணக்கிடலாம். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, அதனால் அவர்களுக்குக் குறைந்துபோகும் கட்டணத்தை உன்னிடமே கேட்கவும் முடியும். கொடுத்து ஏழு ஆண்டுகள் கடந்தால் கேள்வியில்லை என்பது வாரிசு வரிக்குரிய விதி. இதற்கு அப்படியொரு கால எல்லை கிடையாது.

என்னை உறுத்துவது யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் உள்ள அம்மாவின் சீதனக் காணிதான். வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் சேரும். அது மாமாமாருடன் பங்கு பிரிக்காத காணி என்பதால், அந்தப் பங்கை மட்டும் வாங்க முன்வருபவர் என்ன விலை தருவார் என்பதே அதன் பெறுமதி. அது மிகச் சிறியதாகவும் இருக்கலாம். எப்படியானாலும் மறைக்காமல் எழுதப்போகிறேன். காணி உறுதிப் பத்திரத்தின் நகல் உன் கோப்பில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை கவுன்சில் அதிகாரி வருகிறார், அதற்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா