வழிகாட்டிச் செவிலியர்களைத் திரும்பக் கொடுங்கள்: அலபாமா பிளாக் பெல்ட் வட்டார மருத்துவமனை ஒன்றின் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நோயாளிகள் சிகிச்சையை இடையில் விடாமல் முடிக்கத் துணைநிற்பவர்கள் வழிகாட்டிச் செவிலியர்கள். நம் புற்றுநோய்ப் பிரிவில் இருந்த அந்த இரண்டு பணியிடங்களும் இந்த நிதியாண்டோடு முடிகின்றன என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அவர்கள் பார்த்துவந்த வேலையை இனி வரவேற்பு மேசையும் தானியங்கித் தொலைபேசி நினைவூட்டலும் பார்த்துக்கொள்ளும் என்று அதில் இருக்கிறது. அந்த வேலை என்னவென்று அறிந்த எவரும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள். அந்த இரண்டு இடங்களையும் திரும்பக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதே கோரிக்கை ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் 3 ஆண்டு பணியாற்றுவதாக ஒப்புக்கொண்டு, தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விலக்கு பெற்று, அமெரிக்கத் தென்மாநிலங்களின் சிறு மருத்துவமனைகளுக்கு வந்த தமிழ் மருத்துவர்கள் பலர். அப்படி வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் உங்கள் குழுவிலும் இருக்கிறார்கள். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இந்தப் பிளாக் பெல்ட் வட்டாரத்தில் அவர்களை நம்பித்தான் நமக்கு வேலை கிடைத்தது. அந்தக் கடனை உங்கள் குழுவில் உள்ள அந்த மருத்துவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

பின்னணியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. அந்த நோயால் இறப்பதோ சுமார் 40 சதவீதம் அதிகம். புராஸ்டேட் புற்றுநோயில் கறுப்பின ஆண்களின் இறப்பு வீதம் ஏறத்தாழ இரு மடங்கு. நோயின் தன்மைக்கும் இதில் பங்குண்டு. ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ எனப்படும் கடினமான வகை கறுப்பினப் பெண்களிடம் கூடுதலாக வருகிறது. ஆனால் மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகையிலும் இந்த இடைவெளி இருக்கிறதே? பயாப்சிக்கும் அறுவைக்கும் நடுவில், அறுவைக்கும் கீமோவுக்கும் நடுவில் கைநழுவிப் போகும் வாரங்களுக்கு இதில் பங்கிருக்கிறது. நம் கையில் இருக்கும் பங்கு அதுதான்.

அந்த வாரங்கள் எப்படிப் போகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மார்பகக் கட்டியை அகற்றிய பிறகு ரேடியேஷனுக்கு வரும் பெண், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் வர வேண்டும். மேசையில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்காகப் போக வர நூறு மைல். நேரத்துக்கு ஓடும் பஸ் இந்த வட்டாரத்தில் கிடையாது. வீட்டில் இருக்கும் ஒரே காரைக் கோழி ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் மகன் எடுத்துப்போயிருப்பார். ஷிஃப்ட் முடிந்து அவர் வந்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் எட்டு மணி அப்பாயின்ட்மென்டுக்கு இருபது நிமிடம் தாமதம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது நம் விதி. கணினியில் ‘வரவில்லை’ என்று பதிவாகும். நினைவூட்டும் தானியங்கி அழைப்பு, காசு தீர்ந்துபோன ப்ரீபெய்ட் எண்ணுக்குப் போகும். மூன்று முறை இப்படிப் பதிவானால், இனி அப்பாயின்ட்மென்ட் தர இயலாது என்று கடிதம் போகும். மருத்துவக் குறிப்பில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்ற வரி ஏறிவிடும். ரேடியேஷன் இடையில் நின்றால் நோய் திரும்பும் அபாயம் கூடும் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவரிடம் அதை யாரும் புரியும்படி சொல்லியிருக்க மாட்டார்கள்.

வழிகாட்டிச் செவிலியர் இருந்தால் முதல் ‘வரவில்லை’ பதிவான அன்றே போன் போகும். அந்த எண் கிடைக்காவிட்டால் அக்காவின் எண், அதுவும் இல்லாவிட்டால் தேவாலயத்தின் எண். காரணம் ஷிஃப்ட் என்று தெரிந்தவுடன் எட்டு மணி அப்பாயின்ட்மென்ட் பத்தரைக்கு மாறும். பெட்ரோல் அட்டை கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவரிடம் அவர் ஒரு கேள்வி கேட்பார்: ‘இவருக்கு 25 நாள் ரேடியேஷன் எதற்கு? 15 நாளில் முடிக்க முடியாதா?’ நிணநீர்க் கணுக்களுக்கு ரேடியேஷன் தேவைப்படாத பெரும்பாலோருக்கு மூன்று வார முறையே போதும் என்று அமெரிக்கக் கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. பத்து நாள் குறைந்தால் ஆயிரம் மைல் குறையும். இந்தக் கேள்வியைத் தானியங்கி அழைப்பு கேட்குமா?

இது பலிக்குமா என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் உள்ள கோன் ஹெல்த் புற்றுநோய் மையத்திலும் பிட்ஸ்பர்கிலும் வழிகாட்டிச் செவிலியரை வைத்து ‘அக்யூர்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். ஆரம்ப நிலை மார்பக, நுரையீரல் புற்றுநோயாளிகளில் சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் முன்பு வெள்ளையினத்தவரில் 87.3 சதவீதம், கறுப்பினத்தவரில் 79.8. ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபின் அது 89.5 ஆகவும் 88.4 ஆகவும் ஆனது. முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. இடைவெளி ஏறக்குறைய மறைந்தது. வெள்ளையினத்தவருக்கும் பலன் கூடியது.

அவர்கள் புதிய மருந்து எதையும் கொடுக்கவில்லை. அப்பாயின்ட்மென்ட் தவறினாலும், இந்தத் தேதிக்குள் அறுவை நடந்திருக்க வேண்டும் என்ற கெடு தாண்டினாலும் மின்னணு மருத்துவப் பதிவேடு எச்சரிக்கை கொடுக்கும். அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்கவென்றே பயிற்சி பெற்ற ஒரு வழிகாட்டிச் செவிலியர் இருந்தார். சிகிச்சையை முடித்தவர் எத்தனை பேர் என்ற கணக்கை இனவாரியாகப் பிரித்து மருத்துவர் குழுவுக்கே காட்டினார்கள். ஊழியர்களுக்கு இன ஏற்றத்தாழ்வு குறித்துத் தொடர் பயிற்சி நடந்தது. இவற்றில் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்தால் வேலை செய்யாது. எச்சரிக்கை இருந்தும் பார்க்க ஆளில்லை என்றால் பட்டியல் நீண்டுகொண்டே போகும், சில வாரத்தில் யாரும் அதைத் திறக்கக்கூட மாட்டார்கள். நீங்கள் இப்போது நீக்கியிருப்பது அந்த ஆளைத்தான்.

‘இந்த மக்களுக்கு மருத்துவமனை மீதே நம்பிக்கை இல்லை, நாம் என்ன செய்ய முடியும்’ என்ற பேச்சு உங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் வெகுதூரத்தில் இல்லை. இதே பிளாக் பெல்ட்டில், மேக்கன் கவுண்டியில், 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது அரசின் சுகாதாரத் துறை. பென்சிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. அக்யூர் ஆய்வு நடந்த கிரீன்ஸ்பரோவின் வரலாறும் இனிமையானதல்ல. அரசுப் பணத்தில் கட்டடம் எழுப்பிய கோன் மருத்துவமனை கறுப்பினத்தவரை ஒதுக்கியதை எதிர்த்துப் பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1963-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நிர்வாகம் 2016-இல்தான் வழக்காடியவர்களில் உயிரோடிருந்த டாக்டர் ஆல்வின் பிளவுன்டிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த வாசலுக்கே வந்து கறுப்பின நோயாளிகள் சிகிச்சையை முடித்தார்கள் என்றால், நம் வாசலுக்கு வர மாட்டார்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நம்பிக்கையைக் காரணம் காட்டுவதை நிறுத்துங்கள். ஆளைப் போடுங்கள்.

வழிகாட்டி இருந்தால் மட்டுமே கண்ணில் படும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க-அமெரிக்கரில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு இரத்தச் சிவப்பணுக்களில் டஃபி எனும் புரதம் இருப்பதில்லை. அவர்களுக்கு நியூட்ரோஃபில் எனும், தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் இயல்பாகவே குறைவாக இருக்கும். முழு உடல்நலத்தோடு இருக்கும்போதே ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,500-க்குக் கீழே இருக்கலாம். தொற்றை எதிர்க்கும் திறன் அதனால் குறைவதில்லை. நம் கீமோ ஆர்டர் படிவத்தில் எல்லோருக்கும் ஒரே எல்லை: 1,500-க்குக் கீழே போனால் கீமோ ஒரு வாரம் தள்ளும். அறுபது மைல் தாண்டி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். இது இரண்டு மூன்று சுற்றுகளில் நடந்தால் மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார்கள். கீமோ தொடங்குமுன் எடுத்த இரத்த அறிக்கையில் அவருடைய இயல்பான எண் என்ன என்று பார்த்து, தேவைப்பட்டால் இரத்த வங்கியில் டஃபி சோதனை செய்து, எல்லையை அவருக்கேற்பப் புற்றுநோய் மருத்துவர் தீர்மானிக்கலாம். எளிய சோதனைதான். செய்யச் சொல்லி நினைவூட்ட ஆள் வேண்டும்.

குடல் பரிசோதனையிலும் இதே கதை. மலப் பரிசோதனைப் பெட்டியை வீட்டுக்கு அனுப்புகிறோம், நல்லது. இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால், பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தாக வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு வயதுவந்த ஒருவர் வந்தால்தான் செய்வோம் என்கிறோம். டாக்சி ஓட்டுநரைத் துணையாக ஏற்பதில்லை. தனியாக வாழும் 70 வயதுக்காரர் யாரைக் கூட்டிவருவார்? டெலவேர் மாநிலம் 2002-க்குப் பிறகு பரிசோதனைச் செலவு, சிகிச்சைச் செலவு, வழிகாட்டிச் செவிலியர் மூன்றையும் சேர்த்தே கொடுத்தது. 2009-க்குள் அங்கே கறுப்பினத்தவரில் குடல் பரிசோதனை செய்துகொண்டவர் 48 சதவீதத்திலிருந்து 74 ஆனார்கள். வெறும் பெட்டியை அனுப்பி அந்த எண்ணை எட்ட முடியாது.

இனி பணம். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை அலபாமா விரிவாக்கவில்லை, இன்சூரன்ஸ் இல்லாதவர் சுமை உங்கள் தலையில் விழுகிறது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதற்காக நீங்கள் மாநிலத் தலைநகர் மான்ட்காமரியில் குரல் கொடுத்தால் நாங்களும் கூட வருவோம். ஆனால் வழிகாட்டிச் செவிலியரால் வருமானமே இல்லை என்று சுற்றறிக்கை சொல்வது சரியல்ல. 2024 ஜனவரி முதல், முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இந்த வேலைக்குத் தனியாகப் பணம் தருகிறது. பில்லிங் எண் ஜி0023: மாதத்துக்கு 60 நிமிடம். அதற்கு மேல் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் ஜி0024. முதலில் மருத்துவரின் தொடக்க ஆலோசனை நடந்திருக்க வேண்டும், நோயாளியின் சம்மதம் பதிவாக வேண்டும், செவிலியர் என்ன செய்தார் என்பதை நிமிடக் கணக்கோடு எழுத வேண்டும். நோயாளியின் பங்கான 20 சதவீதத்தைத் தாங்க முடியாதவர்களை நம் உதவித் திட்டத்தில் முன்கூட்டியே சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பில்லைப் பார்த்துப் பயந்து போனை எடுக்க மாட்டார்கள். 340-பி என்ற மத்திய அரசுத் திட்டத்தில் புற்றுநோய் மருந்துகளைத் தள்ளுபடி விலைக்கு வாங்குகிறோம். அந்த மிச்சத்தின் ஒரு பகுதி அந்த மருந்தையே ஏற்றிக்கொள்ள வரும் நோயாளிக்குப் போகட்டும்.

முன்மண்டபத்தைப் புதுப்பிக்கப் பணம் இருந்தது. இதற்கு இல்லை என்று சொல்லாதீர்கள். கோபத்தில் எழுதுகிறோம் என்று தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்பதை மாற்றிக்கொள்ள மாட்டோம்.

இரண்டு வழிகாட்டிச் செவிலியர் பணியிடங்களையும் திரும்பக் கொடுங்கள். தவறிய அப்பாயின்ட்மென்ட், தாண்டிய கெடு இரண்டும் அன்றாடம் காலையில் அவர்கள் திரையில் வரும்படி தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்லுங்கள். யார் சிகிச்சையை முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்ற கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இனவாரியாக உங்கள் மேசைக்கு வரவழையுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எங்களில் இருவரைப் பேச அனுமதிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, மூன்று முறை வராதவர்களுக்கு அனுப்பும் அந்தக் கடிதத்தைப் புற்றுநோய்ப் பிரிவில் மட்டுமாவது நிறுத்திவையுங்கள். அதற்கு ஒரு டாலரும் செலவில்லை, உங்கள் கையெழுத்து போதும்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள்