பனம்விதையும் பால்மா ரின்னும்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ தணிந்து நீர் மறுபடியும் நடக்கத் தொடங்கியதை அறிந்து ஆறுதலடைந்தேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறுவதற்கு 40 மணிநேரச் சமூக சேவை கட்டாயம் என்பதால் உமது பேத்தி எதைத் தேர்வதென்று தெரியாமல் நிற்கிறாள் என்றும், ஆசிரியராயிருந்த நான் ஏதாவது வழி சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். இதே விடயத்தில் அண்மையில் நான் ஒரு சிறுவனிடம் தோற்ற கதையைத்தான் என்னால் சொல்ல முடியும்.

என் தங்கையின் பேரன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தான். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தவன், தோழர்களுடன் கடற்கரையில் ஆயிரம் பனம்விதை நடப்போவதாகச் சொன்னான். பதாகையும் ரீசேர்ட்டின் நிறமும்கூடத் தீர்மானமாகியிருந்தன. மாரிக்கு முன் நட்டால் பனை முளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் முளைத்ததை மாட்டிடமிருந்தும் நெருப்பிலிருந்தும் கிழங்கு கிண்டுபவர்களிடமிருந்தும் காப்பது யார் என்று கேட்டேன். படம் எடுத்த பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகப் போவதில்லை என்பதை அவனே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான்.

அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நெடுநாளாக மனத்தில் கிடந்த என் ஆசையை அவன் தலையில் ஏற்றினேன். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி நீரும் நானும் எத்தனை மாலைகள் பேசியிருப்போம்! 2005 முதல் இணையத்தில் இயங்கிவரும் ‘நூலகம்’ திட்டம், நூல்களோடு, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கப்படும் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. பல குடும்பங்களின் வம்சாவளி அந்த மலர்களில் மட்டுமே அச்சேறியிருக்கிறது. கறையான் தின்னுமுன் நம் ஒழுங்கையில் உள்ளவற்றைத் திரட்டி ஸ்கான் செய் என்றேன். மறுக்கத் தெரியாமல் போனான்.

மூன்றாவது வீட்டில், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டிலிருக்கத் தனியே வாழும் ஓர் ஆச்சி, மலரைத் தேடி அலுமாரியைத் திறந்தவர், ஒரு பால்மா ரின்னை எடுத்து அவனிடம் நீட்டினாராம். உள்ளே கிளினிக்கில் கொடுத்த குளிசைகள் உறை மாறிக் கலந்து கிடந்தன. கண் மங்கியதால் நிறத்தை வைத்தே காலைக் குளிசை, இரவுக் குளிசை என்று போட்டு வந்திருக்கிறார். அடுத்த கிளினிக் நாளில் இவனும் கூடவே போய், தாதியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதி செய்த பின், உறைகளில் பெரிதாகச் சூரியனையும் சந்திரனையும் வரைந்து கொடுத்திருக்கிறான். இப்போது அப்படி நான்கு வீடுகள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி பார்ப்பதும், மின்பட்டியலை வாசித்துச் சொல்வதும், மகனுக்கு வீடியோ அழைப்பு எடுத்துக் கொடுப்பதுமாக அவனுடைய ஞாயிறு காலைகள் போகின்றன. தோழர்களில் இருவர் மட்டுமே மிஞ்சினார்கள்.

ஆகவே பேத்தியிடம் பட்டியல் எதையும் நீட்டாதீர்; ஏதாவது ஒரு காரணம் சொல்லி நான்கு வீடுகளுக்கு அனுப்பிவையும். மருந்து கொடுக்கும் வேலை அங்கே அந்த 40 மணிநேரத்தில் சேராது என்பதால் இவன் செய்ததை அப்படியே செய்ய முடியாது. எது சேரும், யார் கையொப்பமிட வேண்டும் என்பதைப் பள்ளியில் முன்னரே கேட்டுக்கொள்ளட்டும்.

அவன் திரட்டிய பதினொரு மலர்களும் என் மேசையில்தான் இருக்கின்றன. கைபேசியில் ஸ்கான் செய்வது எப்படி என்று ஒரு மாலை எனக்குக் கற்றுத்தந்தான். பக்கங்கள் இன்னும் கோணலாகவே விழுகின்றன. உமது தகப்பனாரின் மலர் இங்கே ஒருவரிடமும் இல்லை. உம்மிடம் பிரதி இருந்தால் அனுப்பிவையும்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்